பூவரசன் போட்ட மியூசிக்

ரெட்டிபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பூவரசன் வீடு எது என்று கேட்டால், எந்தப் பூவரசன் என்று திருப்பிக் கேட்பார்கள். மியூசிக் பூவரசன் என்று சொல்லிப் பாருங்கள். டீக்கடைக்காரர் முதலில் சிரிப்பார். அப்புறம் கையை நீட்டி, சிமெண்ட் ஆலையின் மதிலை ஒட்டிப் போகிற தெருவில் கடைசி வீடு என்பார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு கல்யாணம் இருக்கிறது. சிரிக்கிறவர்களுக்கு அந்தக் கதையில் முன்பாதிதான் தெரியும்.

பூவரசனுக்கு முப்பத்தைந்தைத் தாண்டிய வயது. ஆலையில் மூட்டை பிடிக்கிற பிரிவில் வேலை. சுற்றிக்கொண்டே இருக்கும் இயந்திரத்தின் மூக்கில் காலிச் சாக்கை மாட்டிவிட வேண்டும். அது ஒரு சுற்று வருவதற்குள் சாக்கு நிரம்பிப் பெல்ட்டில் விழுந்து போய்விடும். அடுத்த மூக்கு, அடுத்த சாக்கு. அவனுடைய அப்பா அரங்கநாதனும் அதே ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர்தான். பாட்டு, மேளம், கூத்து என்று அந்த வம்சத்தில் யாருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. மார்கழி பஜனையில் ஜால்ராவைக் கையில் கொடுத்தால் அரங்கநாதன் முந்துவார், இல்லாவிட்டால் பிந்துவார். நடுவில் ஒரு நாளும் விழுந்ததில்லை.

அப்படிப்பட்ட வீட்டில் இந்தக் கிறுக்கு எப்படி வந்தது என்றால், மகளுக்காகப் போனில் ஒரு விளையாட்டை இறக்கப் போய் வந்தது. கலர் கலராகக் கட்டங்கள் இருந்தன. ஒன்றைத் தொட்டால் மத்தளம், இன்னொன்றைத் தொட்டால் கைதட்டல், மற்றொன்றைத் தொட்டால் பேய் ஊளையிடுவதுபோல் ஏதோ ஒன்று. மகள் அன்று சாயங்காலமே அலுத்துப்போய் விட்டுவிட்டாள். அப்பன் பிடித்துக்கொண்டான். ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, தலைமுடியில் ஒட்டிய சிமெண்ட் போனதோ போகாததோ, போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். பேய் ஊளைக்குக் கீழே மத்தளத்தை வைத்து, அதற்குக் குறுக்கே கைதட்டலைப் போட்டு, அது ஓடுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பான். தான் செய்த ஒன்று தானாகவே சுற்றிச் சுற்றி வருகிறது என்பதில் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். இத்தனைக்கும் நாள் முழுக்கச் சுற்றுகிற ஒன்றின் முன்னால் நின்றுவிட்டு வருகிறவன்.

போனில் ஆரம்பித்தது லேப்டாப்பில் வந்து நின்றது. அரியலூரில் ஏதோ ஆபீஸ் காலி பண்ணும்போது கழித்துக் கட்டிய லேப்டாப் அது. பேட்டரி செத்தது. கரண்ட் ஒயரைப் பிடுங்கினால் அந்த நொடியே உயிர் போய்விடும். அதில் ஒரு மியூசிக் சாப்ட்வேரை இறக்கினான். காசு கட்டாமல் பழகிப் பார்க்கக் கொடுக்கிற ரகம். அந்த ரகத்தில் ஒரு வில்லங்கம் இருந்தது. செய்ததைச் சேமித்து வைக்கலாம், ஆனால் மூடிவிட்டால் மறுபடி திறந்து வேலை செய்ய முடியாது. பாட்டாக மாற்றித் தனியாக எடுத்து வைத்தால் கேட்கலாம், கைவைக்க முடியாது. இந்தச் சங்கதி பூவரசனுக்குத் தெரிய வருவதற்குள் அந்த லேப்டாப் எத்தனையோ பாட்டுகளை முழுங்கி ஏப்பம் விட்டிருந்தது. பழைய சாமான், தின்கிறது என்றுதான் அவன் நினைத்தான்.

தெரிந்த பிறகு, ஒரு பாட்டை ஆரம்பித்தால் அது முடிகிற வரைக்கும் லேப்டாப்பை அணைப்பதில்லை என்று வைத்துக்கொண்டான். அது நாள்கணக்கில் திறந்தே கிடக்கும். அவன் மனைவி வேணி வீடு கூட்டும்போது அதன் மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டுக் கூட்டுவாள். கரண்ட் போனால் போச்சு. மழை இருட்டிக்கொண்டு வந்தால் ஊரே துணியை எடுக்க மாடிக்கு ஓடும், இவன் பாட்டை எடுத்து வைக்க உள்ளே ஓடுவான்.

சொல்லிக் கொடுக்க ஆள் ஏது? யூடியூப்தான். வெள்ளைக்காரப் பையன்கள் வாயில் எதையோ போட்டுக் குதப்புகிற மாதிரிப் பேசித் தள்ளினார்கள். ஒரு எழவும் விளங்கவில்லை. பேச்சு தொந்தரவாக இருக்கிறதென்று சத்தத்தை அணைத்துவிட்டு, திரையில் அம்புக்குறி எங்கே போகிறது என்பதை மட்டும் பார்த்துப் படித்தான். சத்தத்தை அணைத்துவிட்டு மியூசிக் படித்த ஒரே ஆள் உலகத்திலேயே இவனாகத்தான் இருப்பான். அப்புறம் தமிழில் ஒரு பையன் கிடைத்தான். மதுரைப் பக்கத்துப் பேச்சு. அவன் சொன்னதைத்தான் பூவரசன் வேதமாக எடுத்துக்கொண்டான். ஒரே ஒரு விஷயத்தைத் தவிர.

அந்த ஒன்று பேஸ். பாட்டுக்கு அடியில் கம்மென்று ஓடுகிற தடித்த சத்தம். காதுக்குத் தனியாகத் தெரியாது, நெஞ்சுக்குத் தெரியும். அது இல்லாவிட்டால் பாட்டு நிற்காது, அஸ்திவாரம் இல்லாத வீடு என்று மதுரைப் பையன் படித்துப் படித்துச் சொன்னான். பூவரசனும் போட்டுப் பார்த்தான். போட்ட போதெல்லாம் அது ஒரு மாதிரி நடுங்கியது. வாய்க்கால் தண்ணீர் மதகில் முட்டித் திரும்புகிற மாதிரி ஏறி இறங்கி அலையடித்தது. குறைத்தான், நடுக்கமும் குறைந்தது. இன்னும் குறைத்தான். அறவே எடுத்துவிட்டால் பாட்டு கண்ணாடி மாதிரித் தெளிந்துவிட்டது. அதில் குறை ஒன்றும் தெரியவில்லை, அடி நிறைந்துதான் இருந்தது.

அங்கேதான் நம்ம ஆளுக்குத் தலைக்கனம் ஏறியது. மற்றவனுக்கெல்லாம் பேஸ் தேவைப்படுகிறது, நமக்குத் தேவைப்படவில்லை, அப்படியென்றால் நம் கையில் ஏதோ இருக்கிறது. இப்படி ஒரு கணக்கு. வெளியே சொல்லவில்லை, உள்ளுக்குள் வைத்துக்கொண்டான். அவனுடைய எல்லாப் பாட்டும் ஒரே சுருதியில்தான் தொடங்கும். அதுவும் ஏன் என்று அவன் யோசித்ததில்லை. அந்த இடத்துக்குத்தான் கை போகும், அங்கே வைத்தால்தான் பொருந்தும்.

வேணிக்கு அவன் பாட்டுகள் பிடித்திருந்தன. வேணி மனசு நோகக் கூடாதென்று பொய் சொல்கிற ஜாதியில்லை. குழம்பில் உப்பு கூடிவிட்டால் மாமியார் முகத்துக்கு நேராகவே கூடிவிட்டது என்று சொல்கிறவள். அவள் நல்லா இருக்கு என்றால் நல்லா இருக்கிறது என்று அர்த்தம். கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள். சில பாட்டுக்குக் கீரைக் காம்பு ஒடிவது தாளத்தில் விழும். பூவரசன் ஓரக்கண்ணால் அதைப் பார்த்துக்கொள்வான்.

வேணி பெரம்பலூர்க்காரி. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அண்ணன் சாமிதுரைதான் ஹார்டுவேர்ஸ் கடை வைத்து அவளையும் தம்பி ராஜேஷையும் ஆளாக்கினார். வேணிக்குப் பிறந்த வீடு என்றால் உயிர். மாதத்துக்கு ஒரு தரமாவது பெரம்பலூர் பஸ் ஏறாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அண்ணனுக்கும் அப்படித்தான். தங்கச்சி வருகிறாள் என்றால் கடையில் ஆளை உட்கார வைத்துவிட்டு மீன் வாங்கப் போய்விடுவார்.

ராஜேஷுக்குக் கல்யாணம் கூடிவந்தது. உடையார்பாளையத்துப் பெண், பெயர் அம்பிகா. பெரம்பலூரில் மண்டபம். முதல்நாள் சாயங்காலம் ரிசப்ஷனில் பெண்ணும் மாப்பிள்ளையும் கைகோத்து வாசலிலிருந்து மேடை வரைக்கும் நடந்து வருவது இப்போது எல்லாக் கல்யாணத்திலும் வந்துவிட்டது. லைட்டை அணைத்து, புகை விட்டு, அதற்கென்று ஒரு மியூசிக் போடுவார்கள். அதற்கு எந்தப் பாட்டைப் போடுவது என்று அண்ணன் வீட்டில் பேச்சு வந்தபோது வேணி வாயை விட்டாள்.

"எந்தப் பாட்டும் வேணாம். எங்க வூட்டுக்காரரு போட்டுத் தருவாரு."

சாமிதுரை சிரித்தார். "மாப்ளயா? அவரு மூட்டையல்ல புடிக்கிறாரு?"

"மூட்டையும் புடிப்பாரு, மியூசிக்கும் போடுவாரு. நீ கேட்டதில்ல, நான் கேட்டுருக்கேன்."

"ஊரு பூரா வந்து நிக்கிற எடம் புள்ள. வெளையாட்டு இல்ல."

"நான் சொல்றேன்ல அண்ணே? நல்லா இல்லன்னா என்னக் கேளு."

நல்லா இல்லையென்றால் என்னைக் கேளு. இந்த வார்த்தையைத்தான் அவள் அடகு வைத்தாள். பூவரசன் அந்த இடத்தில்தான் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தான். பாதி முறுக்கு வாயிலேயே நின்றுவிட்டது.

அந்தப் பாட்டுக்காக லேப்டாப் திறந்தே கிடந்த மாதிரி அதற்கு முன்னும் கிடந்ததில்லை, பின்னும் இல்லை. அரியலூர் பஸ்ஸில் கண்டக்டர் ஊதுகிற விசிலைப் போனில் பிடித்து வந்து அதைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டான். வேணியின் வளையலைக் குலுக்கச் சொல்லிப் பதிந்தான். நாயனம் மாதிரி ஒரு குரலைத் தேடி எடுத்து, அது தூரத்திலிருந்து கிட்டே வந்துகொண்டே இருக்கிற மாதிரி வைத்தான். கரண்ட்காரர்கள் கருணை காட்டினார்கள். முடிந்ததும் வேணி கேட்டாள். கடைசி வரைக்கும் கேட்டு, "ராஜேஷு நடந்து வர்றது கண்ணுக்குத் தெரியுதுங்க" என்றாள். பாட்டைப் பென் டிரைவில் ஏற்றி, அதை அவள் தாலிச் சரட்டில் கோக்காத குறையாகப் பத்திரப்படுத்தி, மகளையும் கூட்டிக்கொண்டு இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள்.

மண்டபத்தில் சவுண்டு சர்வீஸ் வீரமுத்து. அவருடைய ஸ்பீக்கர் பெட்டிகள் மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவர் எதையோ போட்டுச் சோதித்தபோது நாற்காலியே அதிர்ந்தது. பூவரசன் பெட்டிகளைப் பார்த்தான். இதில் நம் பாட்டு எப்படிக் கேட்கும் என்று நினைத்துப் பார்த்தான்.

லைட் அணைந்தது. புகை வந்தது. ராஜேஷும் அம்பிகாவும் வாசலில் நின்றார்கள். வீரமுத்து பட்டனை அமுக்கினார்.

கடுகை டப்பாவில் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம் வந்தது. விசில் கிறீச்சிட்டது. வளையல், தகரத்தைச் சுரண்டுவதுபோல் சுரண்டியது. நாயனக் குரல் ஜலதோஷம் பிடித்தவன் மூக்கால் அழுவதுபோல் வந்தது. அடியில் ஒன்றும் இல்லை. வீட்டில் அத்தனை நிறைவாக இருந்த பாட்டு இங்கே எலும்பும் தோலுமாக நின்றது. பூவரசனுக்கு முதலில் இது தன் பாட்டுதானா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

ராஜேஷ் இரண்டு எட்டு வைத்து நின்றான். கால் எதில் விழ வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. வீரமுத்து பதறிப்போய்ப் பெட்டிக்குப் பின்னால் குனிந்து, "ஒயரு கழண்டுடுச்சோ?" என்று இழுத்துப் பார்த்தார். தன் பாட்டு ஒன்றைத் தட்டினார். மண்டபம் திம்மென்று அதிர்ந்தது. பென் டிரைவைத் தட்டினார். மறுபடியும் கடுகு. எவனோ பின்வரிசையில் விசிலடித்தான். ஒரு சிரிப்பு ஆரம்பித்து நாற்காலி நாற்காலியாகப் பரவியது.

சாமிதுரை மேடையில் மைக்கோடு நின்றிருந்தார், வந்தவர்களை வரவேற்கப் பிடித்த மைக். அதை அணைக்காமலே பக்கத்தில் நின்ற வேணியிடம் திரும்பினார்.

"இதுக்குத்தான் சொன்னேன், கேட்டியா? மூட்ட புடிக்கிறவன மூட்ட புடிக்கச் சொல்லு. என் மானத்த வாங்குறதுக்குன்னே கூட்டிட்டு வந்தியா?"

பூவரசனின் பாட்டில் வராத அடிச்சத்தம் சாமிதுரையின் குரலில் வந்தது. வாசலில் சந்தனம் கொடுத்தவர் வரைக்கும் கேட்டது. பேசி முடித்த பிறகுதான் அவர் கையில் இருந்த மைக்கைப் பார்த்தார். வீரமுத்து அவசரமாக வேறு எதையோ போட்டார். பெண்ணும் மாப்பிள்ளையும் ஓட்டமும் நடையுமாக மேடை ஏறினார்கள்.

மறுநாள் முகூர்த்தத்தில் வேணி நாத்தனார் முடிச்சைப் போட்டாள். கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு பெண்ணோடு சுற்றி வந்தாள். செய்ய வேண்டியது எதையும் விடவில்லை. எல்லாம் முடிந்து முதல் பந்திக்கு இலை போடுகிற நேரத்தில் மகளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அரியலூர் பஸ் நின்றுகொண்டிருந்தது.

"சாப்புட்டுட்டுப் போவோம் வேணி. என் தப்புக்கு நீ ஏன் பட்டினி கெடக்குற?" என்றான் பூவரசன்.

"நீங்க போட்டது நல்ல மியூசிக்கு. நான் கேட்டேன், எனக்குத் தெரியும். எங்கண்ணன் வாயால நல்லா இருக்குன்னு சொல்ற வரைக்கும் அந்த வூட்டுச் சோத்துல நான் கை நனைக்க மாட்டேன்."

கை நனைக்க மாட்டேன் என்பது இந்தப் பக்கத்தில் விளையாட்டாகச் சொல்கிற வார்த்தை இல்லை. அதைச் சொல்லிவிட்டு அண்ணன் தம்பி முகத்தில் முழிக்காமலே செத்தவர்கள் உண்டு. வேணி சொன்னால் சொன்னதுதான். பஸ்ஸில் வழி நெடுக அவள் ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். பூவரசனுக்குத் தன் பாட்டு படுத்ததுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. இவளுக்குப் பிறந்த வீட்டை அடைத்துவிட்டோமே என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது. என்ன தப்பு செய்தோம் என்பதே தெரியாதவன் அதை எப்படித் திருத்துவான்?

கல்யாணத்துக்குப் போயிருந்த ரெட்டிபாளையத்து ஆட்கள் சும்மா வரவில்லை, கதையோடு வந்தார்கள். அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான் மியூசிக் என்கிற பட்டம். பூவரசன் லேப்டாப்பைப் பீரோ மேல் தூக்கி வைத்தான். சாமிதுரை போன் பண்ணினார். வேணி மகளை எடுக்கச் சொல்லி, "அம்மா வேலையா இருக்கு மாமா" என்று சொல்ல வைத்தாள். பெரம்பலூர் பஸ் தெருமுனையைத் தாண்டித்தான் போகும். அது போகிற நேரத்துக்கு அவள் உள்ளே பாத்திரம் கழுவுவாள்.

இப்படி இருக்கும்போது ஆலையில் ஷட்டவுன் வந்தது. கல்லைச் சுடுகிற பெரிய சூளையை அணைத்து, உள்ளே பதித்த செங்கல்லை மாற்றி, மறுபடி மூட்டுவார்கள். எப்போதும் வருகிறதுதான். மற்ற வருஷங்களில் அரவை மில் ஓடிக்கொண்டே இருக்கும். இந்தத் தடவை அதையும் சேர்த்து நிறுத்தினார்கள். பூவரசனுக்கும் வேலை இல்லை.

மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவனுக்குத் தூக்கம் வரவில்லை. சுவர்க் கடிகாரம் டிக் டிக்கென்று அடித்தது. அது சத்தம் போடுகிற கடிகாரம் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஏங்க, எனக்குக் காது அடைச்ச மாதிரி இருக்கு. உங்களுக்கு?" என்றாள் வேணி அடுப்படியிலிருந்து.

"எனக்கும் ஒரு மாதிரிதான் இருக்கு."

ஏன் செய்தான் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. எழுந்துபோய் லேப்டாப்பை இறக்கி, எப்போதும் மாட்டுகிற ஹெட்போனைக் காதில் மாட்டி, கல்யாணப் பாட்டைப் போட்டான். அன்றைக்குப் பிறகு அவன் அதைக் கேட்டதே இல்லை. கடுகு டப்பா. மண்டபத்தில் கேட்ட அதே கடுகு டப்பா, இப்போது அவன் வீட்டிலேயே, அவன் காதிலேயே. இதே நாற்காலி, இதே ஹெட்போன். அன்றைக்கு நிறைந்திருந்தது இன்றைக்கு எங்கே போயிற்று?

ஹெட்போனைக் கழற்றினான். கடிகாரம் அடித்தது. எங்கேயோ ஒரு காக்கை கத்தியது. காக்கைக்கும் கடிகாரத்துக்கும் கீழே ஒன்றுமே இல்லை. வழக்கமாக அங்கே என்ன இருக்கும் என்று யோசித்தான். யோசித்துக்கொண்டே தலையைத் திருப்பினால் ஜன்னலுக்கு வெளியே ஆலையின் புகைபோக்கி புகையில்லாமல் நின்றது.

"அடக் கடவுளே!" என்று கத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினான். "வேணி, பேஸ் நான் போடல. பேக்டரி போட்டுருக்கு!"

வேணிக்கு விளங்கச் சற்று நேரம் ஆனது. விளங்கியதும் கரண்டியைக் கீழே வைத்தாள். "கல்யாணமாயி வந்த அன்னிக்கு நான் கேட்டனே, என்னங்க இது ம்ம்முன்னு எரைஞ்சுக்கிட்டே இருக்குன்னு. எதுன்னு கேட்டீங்க நீங்க. ஒங்களுக்குக் கேக்கவே இல்ல. அப்பறம் ஒரு மாசத்துல எனக்கும் கேக்காமப் போயிடுச்சு."

அதேதான். நாயனத்துக்குப் பக்கத்தில் நின்று விடாமல் சுருதி பிடிக்கிற ஒத்துக்காரன் மாதிரி, பிறந்ததிலிருந்து அந்த ஆலை அவன் காதுக்குள் ஒத்து ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த இரைச்சலின் சுருதியில்தான் அவன் கை போய்ப் போய் விழுந்தது. அவன் போட்ட பேஸ் ஆலையின் பேஸோடு முட்டித்தான் நடுங்கியது. ஆலை பார்க்கிற வேலையை நாம் ஏன் பார்க்க வேண்டும் என்று இவன் அதை எடுத்துவிட்டான். பெரம்பலூருக்கு ஒத்துக்காரனை விட்டுவிட்டு நாயனத்தை மட்டும் பென் டிரைவில் கொண்டுபோயிருக்கிறான். ரெட்டிபாளையத்தானைத் தவிர வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. கையில் ஏதோ இருக்கிறது என்று நினைத்தானே, அந்தத் தலைக்கனம் இறங்கியது. அது இறங்கியதில் அவனுக்கு நிம்மதியும் இருந்தது. தப்பு இன்னதென்று தெரிந்துவிட்டால் பாதி தீர்ந்த மாதிரி.

ஆலை ஓய்ந்திருந்த நாட்களில் உட்கார்ந்து, எடுத்து வைத்திருந்த பழைய பாட்டைக் கைவைக்காமல் அப்படியே சாப்ட்வேருக்குள் இறக்கி, அதற்கு அடியில் பேஸ் போட்டான். மதுரைப் பையன் சொன்னபடியே போட்டான். நடுக்கம் இல்லை, ஒன்றும் இல்லை, திம்மென்று நின்றது. அந்த நேரத்தில் ராஜேஷ் போன் பண்ணினான். வேணியே எடுத்தாள்.

"அக்கா, ஞாயித்துக்கெழம விருந்துக்கு வர்றோம். அண்ணனும் வர்றேன்னு சொல்லுது. வரலாமா?"

புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வருகிறேன் என்றால் வராதே என்று சொல்ல எந்த அக்காவுக்கு வாய் வரும்? "வாங்க" என்றாள். அண்ணனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை சூளையை மூட்டி, அரவை மில்லையும் ஓட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூவரசன் புதுப் பாட்டை ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தான். அது நடுங்கியது. வாய்க்கால் தண்ணீர் மதகில் முட்டித் திரும்பியது. அவனுடைய பேஸும் ஆலையின் பேஸும் ஒன்றையொன்று பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தன. அவன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். வெளியே கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

அம்பிகாவும் ராஜேஷும் இறங்கினார்கள். பின்னால் சாமிதுரை, ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கோடு. வீட்டில் சுட்ட அதிரசம். வேணி "வா அண்ணே" என்று சொல்லி, தூக்கை வாங்கி, திறக்காமல் அலமாரியில் வைத்தாள். சாமிதுரை அதைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து, தலையை அப்படியும் இப்படியும் திருப்பினார்.

"என்ன புள்ள இது? காதுக்குள்ள ம்ம்முன்னு."

"பேக்டரி" என்றாள் வேணி. புருஷன் பக்கம் திரும்பினாள். "அந்த மியூசிக்கப் போடுங்க."

பூவரசன் அவள் காதருகே போய், "புதுசு இங்க நிக்க மாட்டேங்குது வேணி" என்று முணுமுணுத்தான்.

"புதுச யாரு கேட்டா? அன்னிக்கு மண்டபத்துல போட்டீங்கள்ல, அதப் போடுங்க. தோத்தது எதுவோ அதுதான் ஜெயிக்கணும்."

சாமிதுரை முகம் சுருங்கியது. "ஏன் புள்ள, வந்த எடத்துல அது எதுக்கு இப்ப?"

"ஒக்காந்து கேளு அண்ணே."

பூவரசன் போட்டான். விசில் வந்தது. வளையல் வந்தது. அவற்றுக்கு அடியில், சுவரிலிருந்தும் தரையிலிருந்தும், ஆலை வந்து சேர்ந்துகொண்டது. இத்தனை நேரம் இரைச்சலாக இருந்தது, பாட்டு தொடங்கிய உடனே பாட்டாகிவிட்டது. நாயனக் குரல் தூரத்திலிருந்து கிட்டே கிட்டே வந்தது, இந்த முறை காலூன்றி வந்தது. அம்பிகாவின் விரல் நாற்காலிக் கையில் தட்ட ஆரம்பித்தது. ராஜேஷ் நிமிர்ந்து உட்கார்ந்தான். கல்யாணத்தன்றைக்கு நின்றுபோன அவன் கால் இப்போது தாளம் போட்டது.

பாட்டு முடிந்தது. ஆலை நிற்கவில்லை, அது தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"மாப்ள" என்றார் சாமிதுரை. "இது அன்னிக்குப் போட்டதா?"

"அதேதான் மச்சான்."

"அப்ப அடியில வந்துச்சே ஒண்ணு, அது அன்னிக்கு எங்க போச்சு?"

பூவரசன் ஜன்னலைக் காட்டினான். புகைபோக்கியிலிருந்து புகை போய்க்கொண்டிருந்தது. நடந்ததை முன்னும் பின்னுமாகச் சொல்லி முடித்தான். சாமிதுரை கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப மண்டபத்துக்குப் பேக்டரியையும் வேன் வச்சுக் கூட்டியாந்துருக்கணும்!"

எல்லோரும் சிரித்தார்கள். வேணி சிரிக்கவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாமிதுரை சிரிப்பை நிறுத்தினார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைக்க அங்கே வேர்வை ஒன்றும் இல்லை.

"நல்லா இருக்கு புள்ள" என்றார். "நெசமாத்தான் சொல்றேன், நல்லா இருக்கு. நான் மைக்கப் புடிச்சுக்கிட்டு அப்புடிப் பேசிருக்கக் கூடாது. மாப்ள, நீங்களும் மனசுல வச்சுக்காதீங்க."

வேணி எழுந்தாள். அலமாரியிலிருந்து தூக்கை எடுத்தாள். மூடி இறுகியிருந்தது, பூவரசன் வாங்கித் திறந்து கொடுத்தான். ஒரு அதிரசத்தை எடுத்துப் பிட்டு வாயில் போட்டு மெதுவாக மென்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, அதை அவள் துடைக்கவில்லை.

"பாகு முத்திப் போச்சு அண்ணே" என்றாள். "அண்ணிகிட்டச் சொல்லு. அடுத்த வாரம் நான் வந்து சுட்டுத் தர்றேன்."